இடமாகச் சுற்றியவள்

‘உப்புக்கிணறு’ என்ற படத்தைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு புத்தகம்தான் வந்திருக்கிறது. எழுதியவன் நான். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, அதைத் தட்டச்சு செய்துகொடுத்த என் மனைவி ராஜேஸ்வரி. இன்னொருவன் நான். என்னைப் பற்றி எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் கடை என்னுடையது. பெயர் கோமதிசங்கர். கடையில் நூல் விற்கிறேன், வீட்டில் நூல் எழுதுகிறேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் சிரித்ததில்லை. கடை மாடியில் நூல் சிப்பங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போடுவோம். ‘மாற்றுப் பார்வை வட்டம்’ என்று பெயர் வைத்திருந்தோம். வட்டம் என்று சொன்னாலும் எல்லோரும் உட்கார்ந்தால் ஒரு வரிசைகூட நிரம்பாது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வேல்ராஜும் செல்போன் கடை முகம்மது மைதீனும்தான் தவறாமல் வருவார்கள். மற்றவர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

வட்டத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. படம் ஓடும்போது பேசக் கூடாது. முடிந்தபிறகு ‘கதை என்ன?’ என்று கேட்கக் கூடாது. ‘புரியவில்லை’ என்று சொல்லலாம், ஆனால் அதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். இத்தனையையும் இயற்றிய மகான் நான்தான்.

முப்பது வருடத்துக்கு முன்பு நஸ்ரின் பானு என்கிற அம்மா எடுத்த ஒரே படம் ‘உப்புக்கிணறு’. கறுப்பு வெள்ளை. வசனம் கிடையாது. எந்தத் தியேட்டருக்கும் வந்ததில்லை, ஆனாலும் அந்தப் பெயரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுகிற ஒரு கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. பொட்டலில் ஒரு வறண்ட கிணறு. ஒரு பெண் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். நடுநடுவே ஒரு தையல்காரர் எருமை மாட்டுக்கு அளவெடுக்கிறார். முடிதிருத்துகிறவர் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சவரம் செய்கிறார். மண்ணுக்கடியில் டெலிபோன் மணி அடிக்கிறது. ஊரார் வரிசையாக உட்கார்ந்து வெறும் இலையில் சாப்பிடுகிறார்கள். மைதீன் நெட்டில் எங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்த பிரதி அது. தலைப்பு எழுத்து எதுவும் இல்லாமல் நேரே கிணற்றில் ஆரம்பிக்கும்.

அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை. பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. அந்தப் பெண் கிணற்றை இடமாகச் சுற்றுகிறாள். ஊரார் இடக்கையால் சாப்பிடுகிறார்கள். டீக்கடைப் பலகையில் எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகத்தையே மறுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார் இந்த அம்மா! கைக்கு ஒரு அத்தியாயம், பலகைக்கு ஒரு அத்தியாயம், சுற்றுக்கு மட்டும் மூன்று அத்தியாயம். எழுதி முடித்தபோது இருநூறு பக்கம் வந்திருந்தது. ‘இடம்: மறுப்பின் திசை’ என்று பெயர் வைத்தேன்.

நஸ்ரின் பானு கடையநல்லூரில் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று மைதீன் வந்து சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. போனில் கூப்பிட்டேன். என் மாடியில் படத்தைப் போட்டு, அங்கேயே என் புத்தகத்தை அவர் கையால் வெளியிட வேண்டும் என்று கேட்டேன். “படம் இன்னும் இருக்கா? எங்கிட்டயே இல்லையே தம்பி” என்றவர், வருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். ‘ஆமாம், இதைத்தான் நான் நினைத்து எடுத்தேன்’ என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அது கிடைத்துவிட்டால் போதும். நூல் சிப்பத்துக்கு நடுவே உட்கார்ந்து நான் சிந்தித்ததெல்லாம் வீண்போகவில்லை என்று ஆகிவிடும்.

கூட்டம்தான் கவலை. அவ்வளவு பெரிய மனுஷியை வேல்ராஜையும் மைதீனையும் காட்டி வரவேற்க முடியுமா? ராஜேஸ்வரியிடம் கேட்டேன். அப்போது ஆடி மாதம். கோயிலில் ஆடிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. இத்தனை சுற்று என்று நேர்ந்துகொண்டு பெண்கள் பிரகாரத்தை வலம் வருவார்கள். ராஜேஸ்வரியோடு சுற்றுகிற செட்டு பெரியது. “சுண்டலும் காப்பியும் உண்டுன்னா அப்படியே கூட்டியாந்துருதேன்” என்றாள்.

சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிறு சாயங்காலம், நெற்றியில் திருநீறும் தலையில் பூவுமாக மாடி நிறைந்துவிட்டது. முன்வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நஸ்ரின் பானு வந்து, தனக்குப் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் மைக்கைப் பிடித்துச் சட்டதிட்டங்களைச் சொன்னேன். சுண்டல் வந்துகொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை.

படம் ஆரம்பித்தது. பெண் கிணற்றைச் சுற்ற ஆரம்பித்தாள். எங்கள் வட்டத்தில் இந்த இடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

“ஏட்டி பேச்சி, இவ என்ன இடமாச் சுத்துதா?” என்றாள் கோமதித்தாய். எங்கள் தெருக்காரி, குரல் தேரடிவரை போகும்.

“புதுசா இருக்கும். தெரியாமச் சுத்துதா.”

“கூட நிக்கவுக சொல்லக் கூடாதா? ஏம்மா, வலமாப் போம்மா! சுத்துனதெல்லாம் வீணாப் போயிரும்!”

திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் ‘உஷ்’ என்றேன். கோமதித்தாய் யாரையோ சொல்கிறேன் என்று நினைத்து அவளும் சேர்ந்து ‘உஷ்’ என்றாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல். “மாராப்பைப் பாரு, வலத்தோளுல போட்டுருக்கா.” அப்புறம் பந்திக் காட்சி வந்தது. “அடப்பாவி, எல்லாவனும் இடக்கையிலல்லா திங்கான்! இலையில வேற ஒண்ணுமில்ல.”

பேச்சி சுண்டலைக் கீழே வைத்தாள். “மக்கா, நான் சொல்லுதேன் கேட்டுக்கோங்க. இதுக மனுச மக்க இல்ல. எல்லாம் செத்துப்போனதுக.”

மாடியில் அப்படி ஒரு அமைதி வந்தது. இத்தனை வருடம் நான் சட்டம் போட்டு வரவழைக்கப் பார்த்த அமைதி, பேச்சியின் ஒரு வார்த்தைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு படம் பறந்தது. எருமை வந்ததும், “வந்துட்டு பாத்தியா எமன் வாகனம்! யாருக்கு அளவெடுக்கான்?” என்றார்கள். கண்ணாடிக்குச் சவரம் செய்யும்போது, “கொள்ளி வைக்கப் போறவனுக்குச் செரைக்கான், ஆளு தெரிய மாட்டேங்கான்” என்றார்கள். மண்ணுக்குள் மணி அடித்ததும் கோமதித்தாய் எழுந்தே நின்றுவிட்டாள். “எடுத்துராதட்டி! எடுத்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிரும்!”

வயிற்றெரிச்சல் என்னவென்றால், எல்லாம் பொருந்திப் போயிற்று. அந்த எருமை என் தத்துவத்துக்குள் கடைசிவரை அடங்காமல் நான் அதை அடிக்குறிப்பில் கொண்டுபோய்க் கட்டியிருந்தேன். முடிவில் அந்தப் பெண் நின்று நம்மைத் திரும்பிப் பார்ப்பாள். முன்வரிசை முழுக்க அலறியது. பிறகு கைதட்டிய தட்டில் கீழே கடை ஷட்டர் அதிர்ந்தது.

விளக்கைப் போட்டதும் நஸ்ரின் பானுவைப் பார்த்தேன். முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். பாவம், கலையை இப்படி அவமதித்துவிட்டார்களே என்று அழுகிறார் போல என்று எண்ணித் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் போனால் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்க, அப்படி ஒரு சிரிப்பு.

நான் விட்டுவிடவில்லை. மைக்கைப் பிடித்து மறுப்பின் திசையைப் பற்றிப் பேசினேன். இடமாகச் சுற்றுவதன் வழியாக இந்தியாவுக்கு இந்தப் படம் என்ன சொல்கிறது என்று பேசினேன். பேச்சி ராஜேஸ்வரியிடம், “மதினி, அண்ணாச்சி எந்தப் படத்தைச் சொல்லுதாவ?” என்று கேட்டது மைக்கில் தெளிவாக விழுந்தது. பிறகு புத்தகத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்து நஸ்ரின் பானு கையில் கொடுத்தேன். அட்டையில் கிணறும் அந்தப் பெண்ணும். அவர் அட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் படித்தார், நடுவில் ஒரு பக்கம் புரட்டினார்.

“தம்பி” என்றார் மெதுவாக. “நான் அவளை வலமாத்தான் சுத்த வச்சேன்.”

எனக்கு விளங்கவில்லை.

“கிணத்துல தண்ணி ஊறணும்னு நேந்துக்கிட்டுச் சுத்துதா. நேந்துக்கிட்டவ வலமாத்தானே சுத்துவா? எல்லாரும் வலக்கையாலதான் சாப்பிட்டாங்க. படம் திரும்பிக் கெடக்கு தம்பி. கண்ணாடில பாக்க மாதிரி.”

பின்னாலிருந்து மைதீன், “நெட்டுல ஏத்துதவன் அப்படித்தான் திருப்பி ஏத்துவான் அண்ணாச்சி. திருட்டுப் படம்னு மிஷினு கண்டுபிடிக்காம இருக்கதுக்கு” என்றான், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல.

“உனக்குத் தெரியுமால?”

“ஒரு டவுட்டு உண்டும். நீங்க மூணு அத்தியாயம் எழுதிட்டேன்னு சொன்னீங்களா, சரி, நமக்குத்தான் வெளங்கலன்னு விட்டுட்டேன்.”

வேல்ராஜைப் பார்த்தேன். “டீக்கடை போர்டைப் பாத்தப்பமே நெனச்சேன் அண்ணாச்சி” என்றான். “கேட்டா வட்டத்தை விட்டுத் தள்ளிருவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்.”

நஸ்ரின் பானு மைக்கை வாங்கிக்கொண்டார். முப்பது வருடமாக இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டார்களே தவிர, ஒருவரும் கத்தியதில்லை என்றார். பேய்க்கதை தனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். “அம்மா சும்மா சொல்லுதாக, நாம பயந்துருவோம்னு. எடுத்தவுகளுக்கே தெரியாம உள்ள வந்துருக்கும்” என்று பேச்சி முடித்துவைத்தாள். போகும்போது அந்த அம்மா என் புத்தகத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “நான் எடுக்காத படத்தைப் பத்தி எனக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, வீட்டுல வச்சுக்கிடுதேன்” என்றார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

எல்லோரும் போனபிறகு நானும் ராஜேஸ்வரியும் நாற்காலிகளை அடுக்கினோம். மூலையில் ‘மறுப்பின் திசை’ கட்டுக்கட்டாக இருந்தது. சிரித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

“இருநூறு பக்கமும் நீதானே அடிச்சே?” என்றேன். “படத்தையும் எங்கூடப் பலதடவை பாத்திருக்கே. மாராப்பு ஒரு தடவைகூடவா உன் கண்ணுல படல?”

“மொதநாளே பட்டுச்சு.”

“பின்ன ஏன் சொல்லல?”

நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. “சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க திரும்பாமலே கையை ஒசத்திக் காட்டுனீங்க. ‘பேசாமப் பாரு, உனக்கு இது புரிய நாளாகும்’னீங்க. சரி, நாளாகும் போலன்னு இருந்துட்டேன்.”

நஸ்ரின் பானு சிரித்தது வலிக்கவில்லை, பேச்சி சொன்னது வலிக்கவில்லை. இது வலித்தது. கூசிப்போய்விட்டேன். வேல்ராஜுக்கும் மைதீனுக்கும் இவளுக்கும், தங்கள் கண்ணால் கண்டதையே நம்பக் கூடாது என்று கற்றுக்கொடுத்ததுதான், இத்தனை வருடத்தில் நான் நடத்திய பாடம்.

“சரி, உனக்கு எப்படி இருந்துச்சு படம்?” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

“எனக்கா?” என்றாள் ஆச்சரியமாக. “அத்தனை பேரு சுத்தி இருக்காங்க. அளவெடுக்கான், செரைக்கான், சாப்பிடுதாங்க. ஒருத்தராவது அவ கிட்டப் போயி, ஏன்ட்டி சுத்துதேன்னு கேக்க மாட்டாங்களான்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும்.”

நான் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இருநூறு பக்கத்தில் நானும் கேட்கவில்லை.