வலி தொடங்கிய தேதி

நர்ஸ் நீட்டிய பையை வாங்க அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். பிறகு இருவருமே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பை ஒரு நொடி நடுவில் தொங்கியது. நர்ஸ் அதை நாற்காலியில் வைத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைத் தட்டிக் காட்டினாள். மகள்தான் கையெழுத்துப் போட்டாள். ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு பெல்ட், ஒரு கைக்கடிகாரம், ஒரு ஜோடி செருப்பு. வேலை பார்க்கும் உதிரிபாகக் கிடங்கில் வந்த சரக்கைச் சரிபார்க்கும் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக் போட்டுவிட்டாள். போட்டு முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

மணி இரண்டே கால். அப்பா இறந்து ஒரு மணி நேரமும் ஐந்து நிமிஷமும் ஆகியிருந்தது.

"சட்டையை வெட்டிட்டாங்க," என்றாள் அம்மா, பைக்குள் பார்த்தபடி. "காலையில இஸ்திரி போட்டது."

"அவசரத்துல அப்படித்தாம்மா வெட்டுவாங்க."

"பொத்தானைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆயிடும்? என்னைக் கூப்பிட்டிருந்தா நான் கழட்டியிருப்பேன்ல."

நர்ஸ் போகும்போது, டாக்டர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பத்து நிமிஷத்தில் கூப்பிடுவார் என்றாள். என்ன படிவம் என்று மகள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் பாலிசிப் புத்தகத்தின் இருபத்தேழாம் பக்கம், மூன்றாவது பத்தி. மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்ற சந்தேகத்தில், மாலை வகுப்பில் இந்த நாட்டு மொழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையிடம் காட்டி ஒருமுறை படிக்கச் சொல்லியும் கேட்டிருந்தாள். சரியாகத்தான் புரிந்திருந்தது.

அப்பாவும் அம்மாவும் அவளோடு இருக்க வந்து ஆறு மாதம் ஆகிறது. வந்த முதல் வாரம் சாப்பாட்டு மேசையில் மூன்று கம்பெனிகளின் தாள்களைப் பரப்பி, கட்டம் போட்ட காகிதத்தில் எழுதிக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்தாள். முதல் திட்டத்தில் காத்திருப்பே கிடையாது. ஆனால் அதன் பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும். இரண்டாவதில் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். இதய நோய்க்கு மட்டும் ஆறு மாதக் காத்திருப்பு. மூன்றாவது கம்பெனி சர்க்கரை உள்ளவர்களைச் சேர்ப்பதே இல்லை. அம்மாவுக்குப் பதினோரு வருஷச் சர்க்கரை. அப்பாவுக்கு ஒன்றும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் ஓடும் பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்த உடம்பு. அவள் இரண்டாவதைச் சுழித்தாள். பிறகு அழித்தாள். பிறகு மறுபடி சுழித்தாள்.

அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன மேனேஜர், ரிசர்வேஷன் சார்ட் மாதிரி இருக்கு?"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. இதுல ஆறு மாசத்துக்கு உங்களுக்கு நெஞ்சு வலி வரக் கூடாது. வந்தா எதுவும் கிடைக்காது. புரிஞ்சுதா?"

"அப்ப நெஞ்சு வலி வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குன்னு சொல்லு. கன்ஃபர்ம் ஆனதும் வரச் சொல்றேன்."

அம்மாகூடச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டி, "இருபத்தி மூணாம் தேதி வரைக்கும் ஒழுங்கா இருக்கணும், ஆமா," என்றாள்.

"உத்தரவு," என்றார் அப்பா.

நேற்று இருபத்து மூன்று.

இன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பா குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது.

"மேனேஜர், இன்னிக்குத் தேதி என்ன?"

"இருபத்தி நாலு. ஏம்ப்பா?"

"நேத்தோட முடிஞ்சுதுல்ல, அந்த வெயிட்டிங் லிஸ்ட்?"

"முடிஞ்சுது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. லேசா நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கு. ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாம். நீ சாப்பிட்டுட்டே வா, அவசரம் இல்ல."

அவள் சாப்பிடவில்லைதான். ஆனால் சாப்பாட்டை டப்பாவில் அடைத்து, மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகுதான் செருப்பை மாட்டினாள். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மூன்றுகூட ஆகியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லா நாற்காலிகளும் தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தன. எதிரே ஜன்னல் இருந்தது. திறக்கிற ஜன்னல் இல்லை. அம்மா பையை மடியில் வைத்து அதன் வாயைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க பாரு. உள்ள கூப்பிடுவாங்க. அப்பாவுக்கு வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேப்பாங்க."

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

"பாலிசி அப்பா பேர்ல இருக்கு. நீ அதுல சேர்ந்திருக்கே. அப்பா இல்லாட்டியும் நீ அதுல தொடரலாம். ஆனா ஆறு மாசத்துக்குள்ள வலி இருந்து அதைச் சொல்லாம விட்டிருந்தோம்னு தெரிஞ்சா, மொத்தமா ரத்து பண்ணிடுவாங்க. ஒருத்தன் ரத்து பண்ணிட்டா வேற எவனும் உன்னைச் சேர்க்க மாட்டான். பாலிசி இல்லாம இந்த நாட்டுல தங்க அனுமதி கிடையாது. முப்பது நாள்ல கிளம்பணும்."

"எங்க?"

இருந்த வீட்டை விற்று, பாத்திரம் பண்டத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். போய் இறங்கினால் பெட்டியை வைக்க ஒரு வாசற்படி கிடையாது.

"இன்னிக்குக் காலையிலதானேம்மா ஆரம்பிச்சுது?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அப்படித்தான் சொல்லணுமா?"

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. மேற்கொண்டு ஒன்று கேட்டால் மற்றதும் வந்துவிடும். மகள் கேட்கவில்லை. "ஆமா," என்றாள்.

டாக்டர் இளவயதுக்காரி. மேசையின் இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, அந்தப் பக்கம் கணினி, நடுவில் ஒரு தொலைபேசி. அம்மாவுக்கு நானே மொழிபெயர்க்கிறேன் என்று மகள் சொன்னாள். வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாது, ஆஸ்பத்திரி விதி என்றார் டாக்டர், வருத்தத்தோடுதான். ஒரு பொத்தானை அழுத்தினார். மூன்று முறை மணி அடித்த பிறகு ஓர் ஆண் குரல் முதலில் அந்த நாட்டு மொழியிலும், பிறகு தமிழிலும் பேசியது.

"வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். இந்த அறையில யார் எது பேசினாலும் அப்படியே மொழிபெயர்ப்பேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

இந்த ஆறு மாதமாக அம்மாவும் அவளும் ரயிலில், கடை வரிசையில், லிஃப்டில் பக்கத்து ஆளின் தொப்பையைப் பற்றிக்கூட உரக்கப் பேசிச் சிரித்த மொழி அது. இந்த அறையில் மட்டும் அதில் ஒரு சொல்லைக்கூட ரகசியமாகச் சொல்ல முடியாது.

அம்மாவின் முகம் காலையிலிருந்து முதல்முறையாக மலர்ந்தது. "தமிழாப்பா? நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்மா." உடனே அந்த நாட்டு மொழியில், "அவர் என்னை நலமா என்று கேட்டார், நலம் என்றேன்."

"மணி ரெண்டரை ஆகப் போகுதே, சாப்பிட்டியா தம்பி?"

குரல் தயங்கியது. "இன்னும் இல்லம்மா." அதையும் மொழிபெயர்த்தது. டாக்டர் தொலைபேசியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

கேள்விகள் தொடங்கின. வயது. என்னென்ன மருந்து. புகை பிடிப்பாரா.

"வேலையில சேர்ந்த புதுசுல பீடி. இவ பொறந்ததும் விட்டுட்டாரு. குழந்தையைத் தூக்கினா வாசனை ஒட்டிக்கும்னு."

குரல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது. பீடிக்கு மட்டும் 'சிகரெட் போன்ற ஒன்று' என்றது. டாக்டர் தட்டினார்.

"அடுத்த கேள்வி. இந்தப் பதில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகுமாம். வலி முதல்ல எப்ப தொடங்குச்சு?"

மகள் மேசைக்கு அடியில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அம்மா தொலைபேசியை நோக்கிக் குனிந்தாள். யாரோ ஒரு சொந்தக்காரப் பையன் அதற்குள் உட்கார்ந்திருப்பதுபோல் பேசினாள்.

"பதினெட்டு நாள் ஆச்சு தம்பி. மாடிப்படி ஏறும்போது பாதியில நின்னுடுவாரு. இவ பின்னாடி வந்துட்டா, செருப்பு வாரைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சுக்குவாரு. ராத்திரியெல்லாம் செவுத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்கினாரு. பொண்ணுகிட்டச் சொல்லிடலாம்ங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். இன்னும் பத்து ஸ்டாப்பிங்தான், இன்னும் அஞ்சு ஸ்டாப்பிங்தான், இறங்கிடலாம்னு என் வாயை அடைச்சுட்டாரு. என் தலையில கையை வச்சு சத்தியம் வாங்கினாரு."

மூன்றாவது மாடித் திருப்பம் மகளின் கண்முன் வந்து நின்றது. அப்பா குனிந்திருந்தார். 'இந்தச் செருப்பு உங்களைப் பாடாப் படுத்துதுப்பா' என்று சொல்லி, அந்த வாரமே புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறமும் அவர் குனிந்துகொண்டுதான் இருந்தார். பழக்கதோஷம் என்று நினைத்தாள். அந்தப் புதுச் செருப்புதான் இப்போது பைக்குள் இருந்தது. அதற்கும் டிக் போட்டாயிற்று.

குரல் பேசவில்லை.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் டாக்டர்.

"மன்னிக்கவும்," என்றது குரல் அந்த நாட்டு மொழியில். "இணைப்பில் ஏதோ கோளாறு. இன்னொரு முறை கேட்கிறேன்." பிறகு தமிழில், மெதுவாக: "அம்மா, லைன் சரியா இல்ல. நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. வலி இன்னிக்குக் காலையிலதான் ஆரம்பிச்சுதாம்மா?"

அவருக்குக் கேட்டிருக்கிறது என்பது மகளுக்குத் தெரிந்தது. எந்த ஊரில், எந்த அறையில், காதில் எதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ. இதே கேள்வியை எத்தனை குடும்பங்களிடம் கேட்டிருப்பாரோ. பூட்டின கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆமா என்ற ஒரே சொல் போதும். அம்மாவின் மணிக்கட்டை அழுத்தினாள். நகம் பதிகிற அளவுக்கு அழுத்தினாள்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு, தம்பி."

அம்மா தொலைபேசியின் பக்கம் இன்னும் குனிந்தாள்.

"நீ நல்ல பிள்ளை. என் நல்லதுக்குத்தான் அப்படிக் கேக்கறே. இவளும் அதுக்குத்தான் என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டிருக்கா. ஆனா பதினெட்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு அந்த மனுஷன். இன்னிக்குக் காலையிலதான்னு எழுதிட்டா, அந்தப் பதினெட்டு நாளும் எங்க போகும்?"

குரல் மொழிபெயர்க்கவில்லை. மூச்சு விடுவது மட்டும் தொலைபேசியில் கேட்டது. டாக்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு கண்ணைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

மகள் வழக்கம்போல் வரிசைப்படுத்தப் பார்த்தாள். ஒன்று: அம்மா துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று சொல்லலாம். இரண்டு: குரல் அதை மறுக்காது. மூன்று: அம்மாவுக்கு இந்த மொழி தெரியாது. மூன்றும் சரியாக இருந்தன. எங்கேயும் ஓட்டை இல்லை. நாலாவதாக ஏதோ ஒன்று இருந்தது; அதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. மணிக்கட்டை விட்டாள். அம்மாவின் தோலில் நாலு பிறைகள் சிவந்திருந்தன.

மாலை வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தவை எண்கள்தான். உச்சரிப்பில் அவளுக்கு எப்போதும் சந்தேகம். இந்த முறை பிசகவில்லை.

"பதினெட்டு நாட்கள்," என்றாள் டாக்டரிடம்.

"நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது," என்றார் டாக்டர், தணிந்த குரலில். "அதோடு, இதை நான் எழுதினால்…"

"தெரியும்."

டாக்டர் தொலைபேசியைப் பார்த்தார். "சரிதானா?"

"சரிதான்," என்றது குரல். பிறகு, யாரும் எதுவும் சொல்லாமலே, தமிழில், "மன்னிச்சுக்கங்கம்மா," என்றது. அதை அது மொழிபெயர்க்கவில்லை.

"நீ என்னப்பா பண்ணுவே. போய்ச் சாப்பிடு."

டாக்டரின் விரல்கள் விசைகளின் மேல் சற்று நின்றுவிட்டுத் தட்டின.

"எழுதிட்டாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"எழுதிட்டாங்க."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நாற்காலியை விட்டு எழுந்து மேசைமேல் குனிந்தாள். டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்த நாட்டு எழுத்து ஒன்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. அவள் விரல் திரையைத் தொடாமல் மேலிருந்து வரிவரியாக இறங்கி, ஒன்றும் எட்டும் அடுத்தடுத்து இருந்த இடத்தில் நின்றது.