லட்சத்துக்கு ஒன்று குறைவு

பெருநகரம் நிரம்பி வழிந்து ஓரத்து ஊர்களில் கொட்டிக்கொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு முன் மாடு மேய்ந்த இடத்தில் இப்போது பதினான்கு மாடி, லிஃப்டுக்கே க்யூ. இப்படி வீங்கிய ஓர் ஊரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிவிவரம் இல்லாமல் அவருக்குத் தும்மல்கூட வராது.

லட்சம் பேர் சேர்ந்தால் ஊர் மாநகராட்சி ஆகிவிடும். கடைசி நாள் மதியம் கூட்டிப் பார்த்தால் 99,999.

"இவ்வளவு பெரிய ஊர்ல ஒரே ஒரு ஆள் சிக்கலையாய்யா?" என்று மேலதிகாரி மேசையைத் தட்டினார்.

ஆள் இருந்தாள். புள்ளியின் மனைவி. மூன்று நாளாக ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த ஊரில், அம்மா வீட்டில் இருந்தாள். வீட்டுப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று தன்னைப் போட்டு, அவளைச் 'சார்ந்திருப்பவர்' என்று எழுதியிருந்தார் புள்ளி. அவளோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் ஓட்டக் கற்றார்கள். புள்ளிக்கு மட்டும் இன்னும் ரிவர்ஸ் வரவில்லை.

"சார்ந்திருக்கிறவ கிளம்புறேன். தலை தனியா எப்படி நிக்குதுன்னு பாக்கலாம்" என்று கையெழுத்துப் போடாமல் போனவள்தான். அவள் பெயர் கணக்கில் ஏறவில்லை.

தலை சரியாக நிற்கவில்லை. இஸ்திரி போட்டதில் சட்டைக் கை கருகியது. நேற்று ஃப்ரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குக் கணக்கு மூடிவிடும். படிவத்தோடு பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டினார். மாமியார் கதவைத் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கணக்கு இடிக்குதா?"

பின்னாலேயே மனைவி வந்தாள். "லட்சத்துக்கு ஒண்ணு குறையுதாமே, அதான வந்தீங்க?"

"ஆமா" என்றார். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த ஒன்றை ஆபீஸிலேயே சேர்த்திருப்பார். "ஆனா பஸ்ல வர்றப்ப யோசிச்சேன். லட்சத்துல ஒண்ணு குறைஞ்சா எவனுக்கும் தெரியாது. நம்ம வீட்டுல ரெண்டுல ஒண்ணு குறையுது. பாதி வீடு காலி."

படிவத்தில் இரண்டு இடத்தையும் அடித்து, அவளைத் தலைவர் என்றும் தன்னைச் சார்ந்திருப்பவர் என்றும் எழுதி நீட்டினார்.

"கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான்" என்றாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தம். "டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

அவர்கள் அடுக்களையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கரைக் கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்து மாமியாரிடம் ஏதோ எழுதிக்கொண்டு போனார். இருவரும் கண்டுகொள்ளவில்லை.

அவள் காரை விரட்டியதில் நாலே முக்காலுக்கு ஆபீஸ் வந்துவிட்டார்கள். மேலதிகாரி படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் திரையை முறைத்தார்.

"உன் வீட்டம்மா பேரு ஏறிடுச்சு. உன் பேரு போயிடுச்சுய்யா! அக்கரையில பதிவாகியிருக்கு. மருமகன், சார்ந்திருப்பவர்னு."

புள்ளி மாமியாருக்கு ஃபோன் போட்டார்.

"இங்கயும் ஒண்ணு குறையுதாம் மாப்பிள்ளை. அந்தத் தம்பியப் பாத்தா பாவமா இருந்துச்சு. அவ உங்க ஊருக்குன்னு ஆயிடுச்சு, நீங்க சும்மாதான இருந்தீங்க?"

மாற்றுவதற்குள் மணி ஐந்தாகிவிட்டது. மறுபடியும் 99,999. மேலதிகாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னால் படியேறிக் கதவைத் திறந்து, வழியை மறித்து நின்றாள்.

"அக்கரை ஆளாச்சே நீங்க. இங்க யாரப் பாக்கணும்?"

"குடும்பத் தலைவரை" என்றார் புள்ளி.