துணிக்குள் ஒரு கை

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ஓசூர் பேருந்து நிலையத்தில் கெலமங்கலம் பஸ்ஸுக்கு நின்றபோது, கல் டிப்போ மேஸ்திரி விமல்ராஜ் ஓசியில் கொடுத்தார். ஓசியில் வரும் சரக்கை இரண்டு முறை தட்டிப் பார்க்கச் சொல்லி என்னை வளர்த்தவர் என் அப்பா. கெலமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர். ஆகவே தட்டித் தட்டித்தான் எழுதுகிறேன். எங்காவது ஓட்டைச் சத்தம் கேட்டால் சொல்லுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பிரான்ஸ் தேசத்துச் சிற்பி எதியென் வோக்லேர், தன் அறுபத்தெட்டாம் வயதில், கருங்கல்லின் தாய்வீட்டைத் தேடி—"

அடித்துவிட்டேன். கல்லுக்குத் தாய்வீடு என்று எழுதுகிறவன் எதையோ விற்க வந்தவன்.

இரண்டாவது தொடக்கம்: "ரேவதிக்கு வலது கையில் மூன்று விரல்கள்."

இது இருக்கட்டும்.

2

பெருவிரல், மோதிர விரல், சுண்டு விரல். மற்ற இரண்டும் இரண்டு வருடத்துக்கு முன் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் மெஷினில் போயின. (பெயரைத் தேடாதீர்கள். கம்பெனியை நான்தான் கட்டினேன், இந்தக் காகிதத்தில்.) கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று வேலை செய்யாமல் கட்டிப்போட்டிருந்தார்கள். இது ரேவதி சொல்வது. ஷிஃப்ட் முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனவள், அங்கே மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினில் கையை விட்டுவிட்டாள். இது கம்பெனி சொல்வது. கேட் ரிஜிஸ்டரும் அதையே சொல்கிறது.

ரேவதி வீட்டில் மாடே கிடையாது. மாடு இல்லை என்பதை எந்த ரிஜிஸ்டரில் காட்டுவது?

வழக்கு நடக்கிறது. வழக்குப் போட்டவளை வெளியே அனுப்பப் பயந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள்; அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த விரல்கள் இந்தச் சுவருக்குள்தான் போயின என்று கம்பெனி ஏதாவது ஒரு காகிதத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

3

இனி சிற்பி. நாற்பது வருடமாகப் பிரான்ஸின் ஊர்ச் சதுக்கங்களில் நினைவுச் சின்னம் செய்கிறவர் வோக்லேர். போரில் செத்த சிப்பாய்கள், பாலம் கட்டிய என்ஜினீயர், வெள்ளத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய தபால்காரி. கல் முழுக்க நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல். கப்பலில் போய் இறங்கும். கல் வந்த ஊரை அவர் பார்த்ததில்லை.

[இங்கே அவருடைய இளமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தகப்பனார் கல்லறைக்கல் வெட்டுபவர், ஏழு வயதில் கையில் உளி, இன்னபிற. நன்றாக நம்பும்படி இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

கம்பெனியின் பிரெஞ்சுப் பங்குதாரர்கள், உழைப்பைப் போற்றி ஆலை வாசலில் ஒரு சிலை வைக்க அவரை அமர்த்தினார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர் கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் பெஞ்சில் ஒருத்தி பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் டம்ளரைத் தூக்கினாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

விமல்ராஜ் புதுச்சேரியில் பத்து வருடம் இருந்து பிரெஞ்சு பழகியவர். அன்றைக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு.

"உன் கை வேணுமாம், இவருக்கு."

"மிச்சத்தையுமா?" என்றாள் ரேவதி.

4

கல் டிப்போவில் வைத்து மாவுக் கலவையில் ரேவதியின் வலது கையை அச்செடுத்தார் வோக்லேர். கலவை இறுகும்வரை கிழவர் பேசிக்கொண்டே இருந்தார். விமல்ராஜ் சொல்லிக்கொண்டே வந்தார்.

"முன்ன ஒரு துறைமுகத்துல மூட்ட தூக்குறவருக்குச் செல செஞ்சாராம். அந்தாளுக்கு மூக்கு ஒடஞ்சிருந்துச்சாம். முனிசிபாலிட்டிக்காரங்க நேராக்குன்னாங்களாம், இவரும் ஆக்கிட்டாராம். தெறப்பு விழாவுக்கு அவரு சம்சாரம் வந்து, 'இது யாரு?'ன்னு கேட்டுச்சாம். அன்னையிலருந்து தூக்கமே இல்லையாம்."

"இதை இதுவரைக்கும் எத்தன பேருகிட்ட சொன்னாராம்?"

விமல்ராஜ் அதை மொழிபெயர்க்கவில்லை.*

அடுத்து இடது கையைக் கேட்டார்.

"செல வலது கைதானண்ணா? இடது என்னாத்துக்கு?"

கிழவர் நீளமாகப் பதில் சொன்னார்.

"எலும்பு அமைப்பு பாக்கவாம்."

"அவ்ளோ நேரம் பேசுனாரு, நீங்க மூணு வார்த்தை சொல்றீங்க?"

"மீதியெல்லாம் மரியாதைம்மா."

இடது கையில் ஐந்து விரலும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டால் முழு வலது கை தயார். அது ரேவதிக்கும் தெரிந்தது. தெரிந்தே நீட்டினாள். நீட்டாவிட்டால் வேறு எவளுடைய முழுக் கையோ அந்த வாசலில் நிற்கும்.

(* எனக்கும் அதே சந்தேகம். என் அப்பா ஒவ்வொரு மாட்டை விற்கும்போதும், "இதை விக்க மனசே வரல" என்று கண் கலங்குவார். சில நாள் நிஜமாகவே கலங்கியிருப்பார். அதுதான் தொல்லை.)

5

கம்பெனியின் எச்.ஆர். ஹரீஷ்குமார். கெட்டவராக எழுதினால் சுலபமாகிவிடும். நல்ல மனிதர், ரேவதிக்கு ஆஸ்பத்திரியில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனவர். (இந்த ஆப்பிளை நானே முழுசாக நம்பவில்லை.)

"கையை முழுசாவே செஞ்சிரச் சொல்லுங்க. வாசல்ல அந்த மாதிரி நின்னா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார்.

வோக்லேர் தலையசைத்தார். "சரின்னுட்டாரு," என்றார் விமல்ராஜ்.

மண்ணில் செய்த மாதிரியின் போட்டோ வந்தது. ஐந்து விரல். ஹரீஷ்குமார் திருப்தியாகிவிட்டார்; சாம்பிளைப் பார்த்து லோடு எடுக்கிற ரகம். கல்லைச் செதுக்கியபோது டிப்போவில் தகரம் அடித்து மறைத்துக்கொண்டார் கிழவர். உள்ளே யாரையும் விடவில்லை. தனக்கும் தெரியாது என்றார் விமல்ராஜ். டிப்போ மேஸ்திரிக்குத் தெரியாதாம்.

சிலைத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஹரீஷ்குமார் ஒரு சம்மதப் பத்திரம் தயாரித்தார். அழகாக எழுத வேண்டுமென்று மெனக்கெட்டிருந்தார்:

"இக்கம்பெனியில் செய்த வேலை என் வலது கைக்கு அளித்த வடிவத்தையே இச்சிலை உள்ளது உள்ளபடி காட்டுகிறது."

கீழே கம்பெனி சீல், ஹரீஷ்குமார் கையெழுத்து. பக்கத்தில் ரேவதிக்கு ஒரு கோடு.

நிதானமாகப் பாருங்கள். கல்லில் ஐந்து விரல் இருந்தால், அந்தக் கோட்டில் அவள் போடும் கையெழுத்து அவள் வழக்குக்கே குழி. வேலை பார்த்த இடத்தில் கை முழுசாக இருந்தது என்று அவளே எழுதிக் கொடுத்ததாகும். மூன்று இருந்தால், அதே காகிதம், அதே சீல், கம்பெனியே தன் கையால் கொடுத்த ஒப்புதல்.

ஆக, எல்லாம் சிலையை மூடிய துணிக்குள் இருந்தது.

6

எங்கள் சந்தையில் மாட்டின் விலையை வாய் பேசாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும்; எத்தனை விரலைப் பற்றி அழுத்துகிறார்களோ அதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு முகங்கள் மட்டும்தான். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கக் கூடாது, அதுதான் தொழில். ரேவதியும் அந்தச் சந்தைப் பக்கத்துப் பெண்தான்.

சிலை ஆள் உயரத்துக்கு மேல். பிரஸ்ஸுக்குள் தகடு வைக்கிற மாதிரி கவிழ்ந்த கை. விரல்கள் கீழ்நோக்கி, அவள் இடுப்பு உயரத்தில் முடியும். மேலே வெள்ளைத் துணி. விருந்தினர்கள் வருமுன் வோக்லேர் அவளைக் கூப்பிட்டு, துணியின் ஓரத்தை ஒரு சாண் தூக்கினார்.

"தொட்டுப் பாக்கச் சொல்றாரு," என்றார் விமல்ராஜ்.

ரேவதி மூன்று விரலோடு வலது கையை உள்ளே விட்டாள். பெருவிரலில் தொடங்கினாள். கல் குளிர்ந்து கிடந்தது. அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். நின்றாள். மேலும் நகர்ந்தாள்.

கிழவர் அவள் முகத்தையே பார்த்தார். விமல்ராஜும் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

7

முடிவு ஒன்று: ஐந்து இருந்தன. அவள் காகிதத்தைக் கிழித்து, கூடியிருந்தவர்கள் முன்னால்— (இல்லை. கிழிக்கிறவளாக அவளை நான் வளர்க்கவில்லை.)

முடிவு இரண்டு: மூன்று இருந்தன. அவள் கண்களில் நீர்— (விற்க வருகிறேன் பாருங்கள்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஹரீஷ்குமார் பத்திரம் செருகிய அட்டையோடு ஓடிவந்தார்.

"சைன் பண்ணிடும்மா, வந்துட்டாங்க எல்லாரும்."

பேனாவைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து, ரேவதி கையெழுத்துப் போட்டாள்.

"சார், இதுல எனக்கொரு ஜெராக்ஸ் வேணும்."

"உனக்கு எதுக்கும்மா?"

"மாடு இல்லாத வீடு சார். ஒரு காகிதமாச்சும் இருக்கட்டுமே."

ஹரீஷ்குமார் சிரித்துக்கொண்டே ஜெராக்ஸுக்கு ஆள் அனுப்பினார். தோற்றுப்போனவளும் ஜெராக்ஸ் கேட்பாள், வீம்புக்குக் கேட்பாள். அதை வைத்து அவசரப்பட்டு எதையும் முடிவு கட்டாதீர்கள்.

இந்த இடத்தில் விமல்ராஜின் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவரை, "எத்தனை விரல்?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டேன். தெரியாது என்று சொன்ன அதே மனிதர் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே விரலைப் பற்றி அழுத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அவர் சொன்னது நிஜமா என்பது வேறு விஷயம். என் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. நான் தரகர் பிள்ளை.

என் துண்டு இதோ இருக்கிறது. கையை நீட்டுங்கள்.