பழுதில்லாத வீடு

கண்ணாடிக்காரர் வீட்டில் ஒரு குழாய்கூடச் சொட்டாது. எந்தக் கதவும் கிறீச்சிடாது. மின்விசிறி சத்தமே போடாது. சுற்றுகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வந்து போகும் சொந்தக்காரர்களுக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் கண்ணாடிக்காரருக்கு ஓர் ஆணியை நேராக அடிக்க வராது. வீடு அப்படி இருந்ததற்குக் காரணம் சிகரெட்.

கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். பாதி ஆயுளை ஊதித் தள்ளியவர். அவருக்கு முன்னால் அவருடைய இருமல் வீட்டுக்குள் நுழைய ஆரம்பித்த பிறகு, விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். தனியாக முடியவில்லை. காலையில் விட்டதை மத்தியானம் எடுத்தார். அந்தச் சமயத்தில் கண் பரிசோதனைக்கு வந்த லிப்ட் மெக்கானிக் ஒருவர், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் படிக்காமல், "சார், உங்க சட்டைல சிகரெட் வாசம் வருது. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். இருவருக்கும் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

மெக்கானிக் விஷயம் இன்னும் மோசம். சிகரெட்டால் காலில் ரத்த ஓட்டம் கெட்டு, இடது பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். மறுபடி பற்ற வைத்தால் அடுத்தது பாதம்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். லிப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று வேலை செய்கிறவருக்குப் பாதம் போனால் பிழைப்பும் போயிற்று. "மிச்சம் எட்டு இருக்கு, அதையாவது காப்பாத்தணும்" என்று அவரே சொல்லிச் சொல்லி, 'எட்டு' என்பதே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

மூன்றாவது ஆள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரும் தொழில். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒன்று பற்ற வைத்தால்தான் அந்த அம்மாளுக்குக் கை நடுக்கம் நிற்கும்.

கடை சாத்திய பிறகு மூவரும் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவார்கள். பேசிப் பேசி ஒரு சட்டம் போட்டார்கள். பாக்கெட்டைத் தூக்கி எறிவது வெறும் நாடகம். எறிந்தவன் அந்தக் கையோடு கடைக்கு ஓடி இன்னொன்று வாங்குவான். அதனால் ஒவ்வொருவரும் தன்னுடைய கடைசி பாக்கெட்டை இன்னொருவர் வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். தாங்க முடியாவிட்டால் வந்து கேட்கலாம். கேட்டால் மறுக்கக் கூடாது. புத்திமதி அறவே கூடாது. ஆனால் அந்த வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஏதாவது ஒன்றைச் சரிசெய்து முடித்த பிறகுதான் பாக்கெட் கைக்கு வரும்.

எட்டின் பாக்கெட் கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்தது. கண்ணாடிக்காரருடையது டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போனது. டீச்சருடையது எட்டின் வீட்டுப் பரணுக்கு ஏறியது.

நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த கண்ணாடிக்காரரின் மனைவி, இதைக் கேட்டபோது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். பிறகு ஒரு நாள் எட்டு வேர்த்து விறுவிறுத்து வந்து, "அண்ணி, வேலை குடுங்க" என்று நின்றார். வருஷக்கணக்காய்ச் சொட்டிய குளியலறைக் குழாயைக் காட்டினாள். அவர் அதைப் பிரித்து, வாஷர் மாற்றி, மூட்டி, கையைத் துடைத்தபோது ஆசை எங்கோ போயிருந்தது. பாக்கெட்டைக் கேட்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அன்று முதல் அவளுக்கு அந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. மரியாதை கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. குக்கர் கைப்பிடி ஆடினால் தானே போன் போட ஆரம்பித்தாள்.

"தம்பி, சிகரெட் ஆசை எதுவும் வரலையா?"

"இப்ப இல்ல அண்ணி. ஏன்?"

"ஒன்னுமில்ல, குக்கர் கைப்பிடி ஆடுது."

"நீங்க கேட்டதும் லேசா வர்ற மாதிரி இருக்கு. இருங்க, வந்துடறேன்."

கண்ணாடிக்காரர் டீச்சர் வீட்டுக்குப் போவார். ரிப்பேர் எதுவும் தெரியாதவர் என்பதால் அழுக்கையும் பழுதாகச் சேர்த்துக்கொண்டு, அவரிடம் டிரைவிங் ஸ்கூல் காரைக் கழுவக் கொடுத்தார்கள். அடிபட்டு நசுங்கிய அந்தக் கார் அவர் புண்ணியத்தில் கல்யாண வண்டி போல மின்னிற்று.

ஒரு காலையில் அவர் ஸ்க்ரூ டிரைவரோடு அலமாரிக்கு முன்னால் குந்தியிருந்தார். நன்றாக இருந்த கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கையிருப்பு தீந்துபோச்சும்மா. அவன் திடீர்னு வந்து நின்னா நான் என்னத்தக் காட்டறது?"

அதன் பிறகு வீட்டில் எப்போதும் நாலைந்து சாமான் தளர்ந்தே இருக்கும். எது எது என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர் உயிர் போனது கடையில். ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். "அடுத்த வரி படிங்க" என்றவர், நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். பெரியவர் பலகையைப் பார்த்துப் படித்துக்கொண்டே போயிருக்கிறார். துக்கத்துக்கு வந்தபோது கண்ணாடிக்காரரின் மனைவியிடம், "கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து தப்பில்லாம படிச்சேம்மா. அதுக்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்" என்றார். அவள், "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை அவளை ரொம்ப நாள் உறுத்தியது.

துணைக்கு நாத்தனார் வந்து தங்கினாள். நல்ல மனசு, ஆனால் வாய் நிற்காது. "சிகரெட்ட விட்டதாலதான் அண்ணன் போயிட்டாரு. உடம்பு ஏங்கிப் போச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாது என்று, ஒரு பிளம்பரையும் ஒரு தச்சரையும் கூப்பிட்டு வீட்டில் ஆடியது, சொட்டியது, தொங்கியது எல்லாவற்றையும் இறுக்கிவிட்டாள். அண்ணன் பார்த்துப் பார்த்துக் கழற்றி வைத்த கையிருப்பு மொத்தமும் ஒரே நாளில் தீர்ந்தது.

எட்டு அப்போதெல்லாம் வரவில்லை. உடலை எடுத்த அன்று நாற்காலி போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனவர்தான். அவர் மறுபடி வந்தது ஒரு மத்தியானம். சட்டையில் கிரீஸ். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"அண்ணி, பாக்கெட் வேணும்."

"உள்ள வா தம்பி. தண்ணி குடி."

"தண்ணி வேணாம். வேலை என்னன்னு சொல்லுங்க. முடிச்சுட்டு வாங்கிட்டுப் போறேன்."

அவர் எத்தனையோ தடவை இப்படி வந்திருக்கிறார். வரும்போதே கண்ணில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருக்கும், 'என்னைக் காப்பாத்துங்களேன்' என்பது போல. இன்றைக்கு அது இல்லை. வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

"அவரும் விட்டாரு. என்ன ஆச்சு? நான் மட்டும் இந்த எட்டையும் வச்சுக்கிட்டு யாருக்கு என்ன சாதிக்கப் போறேன்?" என்றார்.

தொண்டை வரை புத்திமதி வந்தது. சட்டம் நினைவுக்கு வர, விழுங்கினாள்.

"சரி, பாரு. எது பழுதோ அதச் செய்" என்றாள்.

எட்டு யோக்கியர். குறுக்கு வழி தெரியாது. நொண்டி நொண்டி ஒவ்வொரு அறையாகப் போனார். குழாய்களைத் திறந்து மூடினார். நாற்காலிகளை ஆட்டினார். ஜன்னல் கொக்கிகளை இழுத்தார். அலமாரிக் கீலைத் தடவிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இது என் கை இல்லையே. யாரு போட்டது?"

"தச்சு வேலைக்கு ஆள் வந்தான் தம்பி."

"நான் இருக்கறப்ப வெளியாளா?"

"அவளுக்குத் தெரியாதுப்பா" என்று நாத்தனாரைக் காட்டினாள்.

"எனக்கு என்ன தெரியாது?" என்றாள் நாத்தனார்.

எட்டு கூடத்துக்கு வந்து கையை விரித்தார். "வீட்டுல பழுதே இல்ல அண்ணி. அப்ப சட்டப்படி பாக்கெட்ட எடுக்க வேண்டியதுதான்."

வேறு வழியில்லை. சமையலறை மேல்தட்டிலிருந்து எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வைத்தவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். "ஒரு நிமிஷம் இரு" என்று அதைக் கையோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

குழாயையே கழற்றிவிட அடியில் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினாள். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சுத்தியலை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய் அலமாரிக் கீலில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். கீல் அப்படியே இருந்தது. உள்ளே கணவர் மடித்து வைத்த சட்டைகள்தான் குலுங்கின.

"அண்ணி, வேணாம். அழுதுடுங்க. அழுதா சரியாயிடும்" என்று நாத்தனார் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள்.

"விடு, எனக்கு வேலை இருக்கு" என்று இன்னோர் அடி போட்டாள்.

எட்டு பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அங்க அடிச்சா ஒன்னும் ஆகாது அண்ணி. கதவக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கறேன், கீழ அடிங்க" என்று தூக்கிப் பிடித்தார். அடித்தாள். சுத்தியலின் தலை கழன்று கட்டிலுக்கு அடியில் ஓடியது.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "இதோ தம்பி. சுத்தியல் பழுது."

எட்டு குனிந்து அதை எடுத்து, பிடியில் செருகி, ஒரு சின்ன ஆப்பு வைத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். "முடிஞ்சுது" என்று நீட்டினார். இன்னொரு கையைப் பாக்கெட்டுக்காக நீட்டினார்.

அந்த நேரத்தில் வெளியே பிரேக் சத்தமும், பூந்தொட்டி ஒன்று உருளும் சத்தமும் கேட்டன. டீச்சர் உள்ளே வந்தார். நேராக நாத்தனாரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இப்படிக் கறுத்து இளைச்சுப் போயிட்டீங்களே" என்று கண் கலங்கினார்.

"அவங்க அங்க நிக்கறாங்க" என்றாள் நாத்தனார்.

"மன்னிச்சுக்கங்க. கண்ணு தெரியல. புதுக் கண்ணாடி ரெடின்னு அண்ணன் போன் பண்ணாரு. மறுநாள் வாங்கிக்கலாம்னு இருந்தேன்." மறுநாள் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லவில்லை. "அவரோட பாக்கெட் இன்னும் எங்க ஃப்ரிட்ஜுலதான் இருக்கு. இனிமே கேட்டு வர ஆளில்லன்னு தெரியுது, எடுக்கத்தான் கை வரல."

"கண்ணாடி இல்லாமலா தினம் வண்டி கத்துக் குடுக்கறே?" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி.

"நான் எங்க ஓட்டறேன் அக்கா? அவங்கதானே ஓட்டறாங்க."

"இப்ப வந்தது?"

"அது எங்க தெருதானே. பழகின வழி."

அப்போதுதான் அவளுக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. கண்ணாடிக்காரர் செய்து முடித்த கண்ணாடிகளைக் கடை மேஜையில் ஒரு தட்டில் வரிசையாக வைத்திருப்பார். பெயர் எழுத மாட்டார். 'மூஞ்சியப் பார்த்தா தெரியாதா, எது யாரோடதுன்னு' என்பார். தட்டு அப்படியே இருக்கிறது. முகங்கள் தெரிந்தவர்தான் இல்லை.

"தம்பி, சுத்தியல் உடைய நீதானே கதவத் தூக்கிப் பிடிச்ச, அது கணக்குல சேராது. வேற பழுது ஒன்னு இருக்கு. கடைக்கு வா" என்றாள்.

டீச்சரின் காரில் கடைத்தெருவுக்குப் போனார்கள். எட்டு ஓட்டினார். அவர் போன அன்றைக்குப் பிறகு அவள் கடைக்கு வரவே இல்லை. பூட்டைத் திறந்ததும் அவருடைய வாசனை வரும் என்று பயந்திருந்தாள். தூசி வாசனைதான் வந்தது. அதுவும் ஒரு மாதிரி வருத்தமாக இருந்தது. தட்டை எடுத்து எட்டிடம் நீட்டினாள்.

"இதெல்லாம் யாரு யாரோடதோ. அவங்கவங்க கைக்குப் போய்ச் சேரல. சேர்த்து முடி. பாக்கெட் என் கைப்பையில இருக்கு. முடிச்ச நிமிஷம் தந்துடறேன்."

எட்டு தட்டைப் பார்த்தார். "இது வீடு இல்லையே அண்ணி. சட்டத்துல வீடுன்னுதான் இருக்கு."

"பொழுது விடிஞ்சா இங்கதான் இருந்தாரு. அங்க தூங்க வருவாரு. எது வீடுன்னு நீயே சொல்லு."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை மாட்டியதும் நிமிர்ந்து, அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நிஜமாவே இளைச்சுத்தான் போயிட்டீங்க அக்கா" என்றார். பிறகு எட்டின் பக்கம் திரும்பி, "செல்லும். கடையும் வீடுதான். போய் வேலையப் பாரு" என்றார்.

எட்டு பல்லைக் கடித்துக்கொண்டு தட்டோடு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அலுவலகம் விட்டுக் கூட்டம் நின்ற நேரம், கண்ணாடி செய்யக் கொடுத்தவர் யாராவது அதில் இருக்கலாம். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற வேகம் நடையிலேயே தெரிந்தது. கடை வாசலில் நின்று பெண்கள் இருவரும் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் பிச்சை என்று நினைத்துத் தட்டில் சில்லறை போட்டார். சாப்பாட்டுக் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் மட்டும் நின்று கேட்டாள்.

"இந்தக் கடைல கண்ணாடி செய்யக் குடுத்தீங்களாம்மா?" என்றார் எட்டு.

"இல்லையே. போட்டுப் பார்க்கட்டுமா?"

போட்டாள். எதிர்வரிசைக் கடைகளின் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். "அடேயப்பா, இத்தன நாளா இவ்வளவு எழுதியா வச்சிருந்தாங்க?" என்றாள். பஸ் வந்தது. கண்ணாடியோடு ஏறிவிட்டாள்.

எட்டு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, எட்டு விரலோடு பஸ் பின்னாலேயே ஓடினார். பஸ் நிற்கவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அது அவங்களோடது இல்ல அண்ணி. அவங்களே சொன்னாங்க, இல்லன்னு. சொல்லிட்டு ஏறிட்டாங்க."

"அப்ப வேலை முடியல."

"முடியல. முன்னாடி இருந்தத விடக் கூடிப்போச்சு." கோபம் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது. நல்ல கோபம். மத்தியானம் வாசலில் நின்ற முகத்தில் அது இருந்ததில்லை. "அந்தக் கண்ணாடிக்குச் சொந்தக்காரரு நாளைக்கு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? சாயங்காலம் எதிர்ல ஏறறவங்க காலைல நம்ம பக்கம் வந்து இறங்கணுமில்ல. பிடிச்சுடறேன்."

டீச்சர் சிரிப்பை அடக்க எழுத்துப் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். எட்டு கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"கடைய எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

கடையைத் திறப்பது பற்றி அவள் யோசித்திருக்கவே இல்லை. "அவரு ஒம்பது மணிக்குத் தொறப்பாரு" என்றாள்.

"நான் எட்டரைக்கே வரணும். பஸ் அப்பதான். வெளியில நிக்கணுமேன்னு பார்க்கறேன்." துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "பக்கத்துலயே பொட்டிக்கடை இருக்கு அண்ணி."

"அப்ப நான் எட்டு மணிக்கு வந்துடறேன்" என்றாள்.