வான்வழி நாற்பது நிமிடம்

பிறின்ஸ் மாமாவுக்காக றெபேக்காவின் பிள்ளையின் ஞானஸ்நானம் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை அவருக்குப் பாங்கொக்கில் மாநாடு. இரண்டாம் முறை, அந்த மாநாட்டைப் பற்றிய மாநாடு. தானே ஞானத்தகப்பன் என்று அவராகவே அறிவித்துவிட்டதால் வேறு ஆளைக் கேட்கவும் வழியில்லை.

இன்று மட்டக்களப்பு நாவற்குடாக் கோயிலில் மாலை நான்கு மணிக்கு மூன்றாம் முறை. நாளை அவள் கணவன் ஜெனிஸ்டன் கட்டாருக்குத் திரும்புகிறான். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. அதற்குள் பிள்ளை தானே நடந்துபோய்த் தலையை நீட்டும்.

இரண்டு நகரங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் ஓர் இணையப் பக்கத்தை மாமா கண்டுபிடித்திருந்தார். காலையிலேயே கணக்கு வந்தது: பாங்கொக்–கொழும்பு மூன்றரை மணித்தியாலம், கொழும்பு–மட்டக்களப்பு நாற்பது நிமிடம். உலகம் சுருங்கிவிட்டது, பகல் சாப்பாட்டுக்கு எதிர்பார்க்கவும்.

பன்னிரண்டரைக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அழைத்தார்.

“நாற்பது நிமிசத்துல என்னத்துல மாமா வரப்போறீங்க?” என்றாள் றெபேக்கா.

“பிளேன்லதான் மகள்.”

“எந்தப் பிளேன்?”

“அதைப் போடல்ல. நேரம் மட்டும்தான் போட்டிரிக்கு.”

அப்படியொரு விமானம் இன்று இல்லை என்பதை அரைமணி நேரம் விசாரித்து அறிந்தபின் அவர் வாடகை வான் ஒன்றில் ஏறினார்.

“கோவிக்காத மகள், படிச்ச மனிசன்” என்றாள் அம்மா ஞானமலர். மாமாவின் அக்கா.

“படிச்ச மனிசனுக்கு மன்னம்பிட்டி றோட்டால வர எத்தனை மணித்தியாலம் எண்டு தெரியாதா? இந்த ஊர்ல பொறந்தவர்தானேகா!”

நான்கேகால். கோயிலில் பிள்ளை அழுதது. பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். “நாலரைக்கு எனக்கு அடுத்த கோயில்ல பூசை. இப்ப இல்லாட்டி, மறுகா அடுத்த மாசம்தான்.”

போன் அடித்தது. மாமா தம்புள்ளையில்.

“நேரா அளந்தா இன்னும் நூற்றிப் பதினைஞ்சு கிலோமீற்றர்தான் மகள். பிளேனுக்கு இருபது நிமிசம். பாதரை ரெண்டு பாட்டுப் படிக்கச் சொல்லு.”

றெபேக்கா போனை அம்மாவின் கையில் திணித்தாள். அவர்களை ஏற்றிவந்த ஓட்டோக்கார சில்வெஸ்டர் வாசலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“சில்வெஸ்டர் அண்ணன், ஞானத்தகப்பனா நிக்க உறுதிபூசுதல் எடுத்திரிக்கோணும். நீங்க எடுத்த நீங்கதானே?”

“ஓம் தங்கச்சி. ஏன்?”

“வெத்திலையைத் துப்பிப்போட்டு வாங்க.”

“பிறின்ஸ் மாமா வாறார் எண்டாங்களே...”

“வாறார். வந்துகொண்டேதான் இரிக்கார். நீங்க வந்திட்டீங்க.”

ஜெனிஸ்டன் வாய் திறக்கப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சில்வெஸ்டருக்கு இடம் விட்டு நகர்ந்தான். சில்வெஸ்டர் சேர்ட்டில் கையைத் துடைத்துவிட்டு ஞானத்தகப்பனாகப் பிள்ளையின் தோளைத் தொட்டார். பாதர் தண்ணீரை எடுத்தார்.

பின்வரிசையில் ஞானமலர் போனைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள்:

“கோவிக்காத தம்பி. பிள்ளைக்குத் தண்ணி வார்க்காங்க. நீ நேரா வா.”