முன்சக்கரத்து ஆட்டம்

சமயநல்லூருக்கு அப்பால், தரிசாய்க் கிடந்த பொட்டலில் கார்ப் பந்தயத்துக்காகச் செம்மண் தடம் போட்டிருந்தார்கள். பதினான்கு கார்கள் ஓடின. அவற்றில் மூத்தது அருள்பாண்டியும் அவன் மனைவி சுபலட்சுமியும் ஒன்பது வருடமாக வைத்திருக்கும் வெள்ளைக் கார்தான். அதற்கு இருபத்து மூன்று வயது. ஓட்டுவது சுபலட்சுமி, ஓடும்படி வைத்திருப்பது அவன்.

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எதையாவது கழற்ற வேண்டியிருந்தது. கிளட்ச்சை மாற்றினால் ரேடியேட்டர் ஒழுகும். அதை அடைத்தால் கியர் விழாது. விளாங்குடிப் பட்டறையில் பகலெல்லாம் ஊரார் வண்டிகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இதன் அடியில் போய்ப் படுக்கும்போது அவனுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

செவ்வாய்க்கிழமை இடது முன்சக்கரத்தைப் பிடித்து அசைத்தபோது லேசாக ஆடியது. பேரிங் தேய்ந்திருந்தது. மாற்ற அரைநாள் ஆகும். அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து கை கழுவினான். புதனும் வியாழனும் அப்படியே போயின. சனிக்கிழமை சுபலட்சுமி, "எல்லாம் பாத்துட்டீங்கள்ல?" என்று கேட்டபோது "ம்" என்றான்.

இப்போது ஐந்தாவது சுற்றில் அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் நான்காம் இடத்தைத் தாண்டியதில்லை. வேலியோரம் நின்றவர்கள் கத்தினார்கள். வலப்பக்க வளைவில் கார் சாய, பாரமெல்லாம் இடது சக்கரத்தில் இறங்கியது. இன்ஜின் இரைச்சலுக்கு அடியில் எதையோ அரைக்கிற சத்தம் அருள்பாண்டிக்குக் கேட்டது. அடுத்த சுற்றில் அது கூடியிருந்தது.

பந்தயத்தை நடத்தும் பேயாண்டி கொடிகளோடு மேடையில் நின்றிருந்தார். அருள்பாண்டி அவரிடம் ஓடினான்.

"அண்ணே, எங்க வண்டிய நிறுத்துங்க. கறுப்புக் கொடியக் காட்டுங்க."

"என்ன மாப்ள, இன்னும் மூணு சுத்துதான். தங்கச்சி ரெண்டாவதா வருது!"

"சக்கரம் கழண்டுரும்ணே. காட்டுங்க!"

கொடியைப் பார்த்து ஒதுங்கியவள், ஹெல்மெட்டைக் கழற்றியபடியே இறங்கினாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்? எதுக்குக் கொடி?"

"நான்தான் காட்டச் சொன்னேன்."

அவன் ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை அவளே பிடித்து அசைத்தாள். கையோடு வந்துவிடும்போல ஆடியது. நடுவில் தொட்டவள் சூடு தாங்காமல் விரலை இழுத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து?"

"செவ்வாக்கெழமையே தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைய உள்ள உக்கார வச்சீங்க?"

மற்ற கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்தன. அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முடியல சுபா. அம்புட்டு அலுப்பு. அலுப்புன்னு சொன்னா நீ ஓட்டுறதையே விட்டுருவியோன்னு பயமா இருந்துச்சு."

"விட்டா விட்டுட்டுப் போறேன். உசுரோட இருப்பேன்ல?"

மினி லாரியில் காரை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு நான்கு நாள், சாப்பாட்டுக்கு அழைப்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாள் பழைய சுடிதாரில் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"எதக் கழட்டணும், காட்டுங்க."

"உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"உள்ள உக்காரப் போறது நானு. இனிமே நானும் பாத்துட்டுத்தான் ஏறுவேன். அடுத்து வர்ற தேனிப் பந்தயத்துக்கு நான் பேர் குடுக்கல. அவசரமில்ல."

அவன் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். பேரிங்கில் தொடங்கி வண்டி முழுவதையும் பார்த்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. தை மாதப் பந்தயத்தில் அவள் ஏழாவதாக வந்தாள். கார் எதையும் உதிர்க்காமல் வீடு சேர்ந்தது. அன்றைக்கு அலுப்பில் இருவரும் சாப்பிடாமலே தூங்கிப்போனார்கள்.