எதிர்க்கடை

சாலையின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு மளிகைக் கடைகள். முதலாளிகள் இருவரும் எலியும் பூனையும். அவனிடம் இல்லாதது என்னிடம் இருக்க வேண்டும் என்ற வீம்பிலேயே சரக்கு இறக்குவார்கள். அந்த வீம்பில்தான் தெருவே விரும்பியதைச் சாப்பிட்டது. போன மாதம் ஒரே நிறுவனம் இரண்டையும் வாங்கிவிட்டது. பெயர்ப்பலகைகள் இரட்டைப் பிள்ளைகளாயின.

அந்தத் தெருவின் தையற்காரிக்கு வேண்டியது நீலப் பாக்கெட் ரஸ்க். வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த அப்பாவுக்கு அது ஒன்றுதான் குமட்டாமல் உள்ளே தங்கியது. மாதக் கடைசிக்குள் ஒரு கிலோவாவது எடை ஏறினால்தான் அடுத்த அறுவை சிகிச்சை என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இந்தப் பக்கக் கடையில் அலமாரி முழுக்கச் சிவப்புப் பாக்கெட். பழைய முதலாளி, சிவப்பு மேல்சட்டை மாட்டிக்கொண்டு மேற்பார்வையாளராக நின்றார்.

"அண்ணே, நீலம் இல்லையா?"

"இல்லம்மா. கம்பெனியோட சொந்த ரஸ்க்தான் வைக்கணுமாம்."

"கம்பெனிக்கு எழுதிப் போடுங்களேன்."

"போட்டேன். கம்ப்யூட்டர்ல நம்பர் இல்லாத சாமானைக் கேக்கக் கூடாதாம். நீலத்தோட நம்பரை நீக்கினதே அவங்கதான்."

"சரி, எதிர்ல வாங்கிக்கறேன்" என்று வெடுக்கென்று சாலையைக் கடந்தாள். இருபது வருடப் பழக்கம். இங்கே கோபித்துக்கொண்டு போனால் அங்கே நாற்காலி போடுவார்கள். உள்ளே நுழைந்த பிறகுதான் உறைத்தது. அதே அலமாரி, அதே சிவப்பு, அதே மேல்சட்டைக்குள் இன்னொரு முதலாளி.

"அவன்கிட்ட இல்லைன்னு வந்தியாக்கும்?" அவர் முகம் ஒரு கணம் மலர்ந்து வாடியது. "முன்னாடின்னா அவன் மூக்கை உடைக்கவே ரெண்டு பெட்டி இறக்கியிருப்பேன். இப்ப அவன் விக்கிறதுதாம்மா நானும் விக்கிறேன்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு கடை? நடுவுல ரோடு வேற!"

அவர் ஒரு சிவப்புப் பாக்கெட்டை எடுத்து அவள் முன் வைத்தார். அவள் காசை எண்ணிக் கொடுத்தாள்.

வீட்டில், சிவப்பு ரஸ்க் பாலில் பட்டதும் கரைந்து கோப்பையின் அடியில் சேறானது. விரல்களில் மிஞ்சிய துண்டை அப்பா பார்த்தார்.

"எதிர்க்கடைக்குப் போறேன்னு சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."

"கடைக்காரன் பயந்தானா?"

"யாருக்குப்பா பயப்படணும்? எதிர்க்கடையும் அவங்களோடதுதான்."

அவர் கரண்டியால் சேற்றை அள்ளி ஒரு வாய் விழுங்கினார். குமட்டியது. ஓடி வந்தவளைக் கையுயர்த்தி நிறுத்திவிட்டு, அடுத்த வாயை அள்ளினார்.

"நல்லா இருக்கான்னு மட்டும் கேட்டுடாத."